காலி மனையைக் குழந்தைகளிடமிருந்து காப்பாற்றுவது எப்படி?

குடியிருப்போர் நலச் சங்கங்களின் புதிய நிர்வாகிகளுக்கான செயல்முறைக் கையேடு (சென்னைப் பதிப்பு)

சென்னையில் ஒரு மனை ஓரிரு மழைக்காலம் கட்டடம் எழும்பாமல் கிடந்தால் என்ன ஆகும் என்பது நிர்வாகிகள் அறிந்ததே. முதல் மழைக்கு அருகும் கோரையும் தலைநீட்டும். அடுத்து எருக்கு, ஆமணக்கு, நாயுருவி. காக்கை போட்ட எச்சத்தில் ஒரு வேம்பு, யாரோ துப்பிய கொட்டையில் ஒரு நாவல். பக்கத்து வீட்டு வேலைக்கு இறக்கிய எம்-சாண்டில் கால்வாசி அங்கேயே தங்கிவிடும். இத்தனையும் கூடிவந்த பிறகு ஒரு சாயங்காலம் குழந்தைகள் வந்து சேர்வார்கள். அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்பதைக் கண்டுபிடிக்க முயன்று காலத்தை வீணாக்க வேண்டாம்.

வந்துவிட்டால் அவ்வளவுதான். மணலில் சரிவாகக் குழி பறித்துக் காத்திருக்கும் குழியானையை விரலால் நோண்டி எடுப்பார்கள். பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவார்கள். வேப்பங்கொட்டையை விரல் முட்டியில் வைத்துக் குத்தி, யாருக்கு முதலில் ரத்தம் வருகிறதென்று பார்ப்பார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் யாரும் இல்லாமல் ஒரே சாயங்காலத்தில் நான்கு ஆட்டங்களுக்கு விதி வகுத்து, அவற்றில் மூன்றைத் திருத்தி, ஒருவனை நீக்கி, அவனையே மறுபடி சேர்த்துக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புவார்கள். எந்தச் சங்கத்தின் பொதுக்குழுவாலும் இது முடிந்ததில்லை. இப்படியொரு அவமானம் உங்கள் தெருவில் நேராமல் தடுப்பதே இக்கையேட்டின் நோக்கம்.

தேவையான பொருள்கள்

பேவர் பிளாக் ஒரு லோடு. கம்பி வேலி, தேவைக்கேற்ப. பூட்டு ஒன்று (சாவி செயலாளரிடம், செயலாளர் பெரும்பாலும் ஊரில் இருக்கக் கூடாது). "கூடாது" என்று முடியும் வாசகங்கள் எழுதிய பலகைகள். வாட்ஸ்அப் குழு ஒன்று. திறந்து வைத்தவர் பெயர் பொறித்த கல்வெட்டு ஒன்று. பூங்கா தயாராகாவிட்டாலும் இது தயாராக இருக்க வேண்டும்.

படி 1: நிலத்தை முளையிலேயே கவனிக்கவும்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்று ஒன்று உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் மனை பிரித்தாலோ பெரிய குடியிருப்பு எழுப்பினாலோ, சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று பத்திரத்தில் வருவது இதுதான். ஆனால் இடம் 3,000 முதல் 10,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணத்தைக் கட்டிவிடலாம். இது மிக நல்ல ஏற்பாடு. பணத்தின் மேல் யாரும் பாண்டிக் கோடு போட முடியாது.

நிலமாகவே கொடுக்க நேர்ந்தால் மனம் தளர வேண்டாம். டிரான்ஸ்பார்மரை ஒட்டிய முக்கோண மூலை, மழைநீர் வடிந்து நிற்கும் பள்ளம், விற்காத கடைசித் துண்டு என்று எப்படியும் ஒன்று கிடைக்கும். அதில் ஒரு சிக்கல்: மூலையும் பள்ளமும் குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். எனவே பள்ளத்தை உடனே மேடாக்கவும்.

இவ்விஷயத்தில் நம் நகரத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1920களில் மாம்பலம் ஏரியை வடித்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பக்கத்துத் தெருக்களை இன்றும் "லேக் ஏரியா" என்கிறார்கள். முகவரி எழுத ஏரி வேண்டும், கால் நனைக்க வேண்டாம் என்ற சமநிலை இது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சாலையாலும் கட்டடத்தாலும் குப்பைக் கிடங்காலும் சுருக்கிக்கொண்டே வந்து, மிஞ்சியதற்கு 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் அங்கீகாரம் பெற்றிருக்கிறோம். இத்தனை பெரிய நீர்நிலைகளையே சமாளித்த ஊருக்கு, உங்கள் தெருமுனைக் குட்டை எம்மாத்திரம்?

படி 2: தரையை மூடவும்

மண் என்பது நிர்வாகத்துக்கு அடங்காத பொருள். இன்று குழி, நாளை கோட்டை, மழைக்குச் சேறு. ஆகவே சுவரிலிருந்து சுவர்வரை பேவர் பிளாக் போடவும். மரத்தடியிலும் போடவும், மரம் மூச்சுவிடுவது மரத்தின் சொந்தப் பிரச்சினை. நிதி தாராளமாக இருந்தால் வண்ண ரப்பர் தரையோ செயற்கைப் புல்லோ விரிக்கலாம். சித்திரை வெயிலில் இவை வெறுங்கால் வைக்க முடியாதபடி சுடும். கோடை விடுமுறையில் காவலாளிக்கு வேலை மிச்சம்.

இதற்கு எதிரான ஆராய்ச்சிகள் உலவுகின்றன, எச்சரிக்கையாக இருக்கவும். பின்லாந்தில் சில மழலையர் காப்பகங்களின் வெறும் முற்றத்தில் காட்டுத் தரையையும் புல்தரையையும் பெயர்த்துக் கொண்டுவந்து பரப்பினார்கள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 28 நாள் அதில் தோண்டினார்கள், நட்டார்கள், புரண்டார்கள். அவர்கள் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை பெருகியது; ரத்தத்தில் நோயெதிர்ப்பின் சமநிலையைக் காட்டும் அளவுகள் நல்ல பக்கமாக நகர்ந்தன. 2020இல் வெளியான இந்த ஆய்வை உங்கள் குழுவில் யாரேனும் பகிர்ந்தால், உடனே ஒரு குட்மார்னிங் படம் போட்டு மேலே தள்ளிவிடவும்.

படி 3: கைக்கு அகப்படும் எதையும் விட்டுவைக்காதீர்கள்

குச்சி, ஓட்டாஞ்சில்லு, தேங்காய் மட்டை, நுங்குக் கூந்தை, பழைய சைக்கிள் டயர் எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கூட்டி அள்ளவும். ஒரு குச்சி காலையில் வாளாகவும் மதியம் தூண்டிலாகவும் மாலையில் கிட்டியாகவும் இருக்கும். எதற்கு என்று விளங்காத பொருளைச் சங்கத்தின் சொத்துப் பதிவேட்டில் எப்படி ஏற்றுவது?

டென்மார்க்கில் சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளருக்கு இது விளங்கவில்லை. அவர் அமைத்த அழகான விளையாட்டுத் திடல்களை விட்டுவிட்டுக் குழந்தைகள் கட்டுமானம் நடக்கும் இடத்திலும் காயலான் சாமான்களுக்கு நடுவிலும் போய் விளையாடுவதைக் கண்டார். வேறு யாராக இருந்தாலும் வேலியை உயர்த்தியிருப்பார்கள். அவரோ 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பு நடந்துகொண்டிருந்த காலத்தில், கோபன்ஹேகன் அருகே எம்ட்ரப்பில் பலகை, கல், மண், உடைசல் எல்லாம் நிறைந்த ஒரு திடலையே குழந்தைகளிடம் ஒப்படைத்துவிட்டார். போர் முடிந்ததும் அதைப் போய்ப் பார்த்த ஆலன் சீமாட்டி என்ற ஆங்கிலேயப் பெண்மணி, குண்டு விழுந்து பாழான லண்டன் மனைகளில் அந்த முறையைக் கொண்டுவர வாதாடினார். அப்படியே நடக்கவும் செய்தது. நம்மிடமும் இடிபாடுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை நடைபாதையில் கிடக்க வேண்டியவை.

மண்ணையும் மணலையும் அகற்றிய பிறகு சில தாய்மார்கள் கவலைப்படக்கூடும். அவர்களுக்கு டப்பாவில் அடைத்து விற்கும் கைனட்டிக் சாண்டைப் பரிந்துரைக்கவும். கையில் ஒட்டாது, கூட்டி அள்ளலாம், பூவாசம்கூட அடிக்கும். விலை அதிகம் என்பதால் குழந்தையும் அளவாகத்தான் விளையாடும்.

படி 4: ஏற முடியாத மரங்களை நடவும்

மரம் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னால் பசுமைக்கு எதிரி என்று பெயர் வரும். எனவே மரம் நடவும். ஆனால் தேர்ந்து நடவும். கிளை தாழ்ந்தது, நிழல் தருவது, காய்ப்பது, பூச்சி வருவது இந்த நான்கும் ஆகாது. நாவல் காரின் மேல் கறை போடும். முருங்கையில் கம்பளிப்பூச்சி. கொடுக்காப்புளிக்குக் கல் எறிவார்கள். போதாததற்கு அதன் இலையைப் போட்டுத் தீப்பெட்டியில் பொன்வண்டு வேறு வளர்ப்பார்கள். ஆலமரம் விழுது விட்டு, டெண்டர் கோராமலே ஊஞ்சல் கட்டிவிடும்.

ராயல் பாம் வரிசையாக நிற்கட்டும். ஏற முடியாது, ஒளிய முடியாது, நிழலில் உட்கார முடியாது. திறப்பு விழாப் படத்தில் மட்டும் அழகாக விழும்.

அடர்த்தியாகவே வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் மியாவாக்கிக் காடு சொல்லுங்கள். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறையில் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று நடுவது. 2020 முதல் சென்னை மாநகராட்சியும் நட்டுவருகிறது. பறவை வரும், காற்று குளிரும், மண் தேறும். எல்லாம் நல்லதுதான். வேலிக்கு வெளியே நின்று ஒரு குழந்தை அதைப் பார்க்கலாம்.

படி 5: மிச்ச இடத்தைப் பெரியவர்களால் நிரப்பவும்

எட்டு வடிவ நடைபாதை. கூழாங்கல் நடைபாதை. திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள். பகுதியின் பெயரை நேசிப்பதாக அறிவிக்கும் ஆளுயர எழுத்துகள். ஆண்டுக்கு ஒருமுறை பயன்படும் மேடை. தண்ணீர் வராத நீரூற்று. அப்படியும் இடம் மிஞ்சினால் பிள்ளையார் வருவார். பிள்ளைகள் தாமாக ஒதுங்கிக்கொள்வார்கள்.

மூலையில் பிளாஸ்டிக் சறுக்குமரம் ஒன்றும் ஊஞ்சல் இரண்டும் வைத்துக் "குழந்தைகள் பகுதி" என்று எழுதிவிடவும். ஐந்து வயதுவரை அது ஓடும். எட்டு வயதுக்காரன் சறுக்குமரத்தில் கீழிருந்து மேலே ஏறுவான். பத்து வயதுக்காரி அதன் கூரையில் உட்காருவாள். சறுக்குமரத்தை வைத்து வேறென்ன செய்யலாம் என்று அவர்கள் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கு இது அடையாளம். விசில் ஊதவும்.

படி 6: நேரத்தையும் பூட்டவும்

காலை பத்து முதல் மாலை நான்குவரை பூங்காவை மூடிவைக்கவும். பள்ளி நாளில் அந்நேரம் குழந்தைகள் வகுப்பில் இருப்பார்கள், நட்டமில்லை. விடுமுறை நாளில் அது ஒன்றுதான் அவர்களுடைய நேரம், அதனால்தான் மூடவேண்டியிருக்கிறது. வாசலில் இப்படி ஒரு பலகை: புல்தரையில் நடக்கக் கூடாது. பூப்பறிக்கக் கூடாது. பந்து விளையாடக் கூடாது. கூச்சலிடக் கூடாது. இங்ஙனம், சிறுவர் பூங்கா.

அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கரில் 2011இல் திறந்த தொல்காப்பியப் பூங்காவுக்குள் பல ஆண்டுகள் முன் அனுமதி பெற்றுத்தான் நுழைய முடிந்தது. அங்கே ஒரு காரணம் இருந்தது: சீரழிந்த ஈரநிலத்தை மீட்டுப் பறவைக்கும் மீனுக்கும் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். நம் தெருப் பூங்காவில் காப்பாற்ற ராயல் பாம் மட்டுமே உண்டு. ஆனாலும் பூட்டுக்குக் காரணம் கேட்பது சங்க மரபல்ல.

படி 7: கட்டணத்தை நிதானமாகக் கொண்டுவரவும்

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 அக்டோபர் உதாரணம். சென்னை மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப்புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு ₹120 வாங்கத் தீர்மானம் வந்தது. வடசென்னைப் பையன்களின் கால்பந்துக்குக் கட்டணமா என்று எதிர்ப்புக் கிளம்பியதும் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வரிசையைக் கவனிக்கவும்: மண் திடலாக இருந்தவரை யாரும் விலை கேட்கவில்லை. முதலில் புல், அப்புறம் விளக்கு, அப்புறம் பராமரிப்புச் செலவு, அதன் பின்னரே ரசீது.

பெண் குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு படி எழுத வேண்டியதில்லை. திடல் முழுக்கக் கிரிக்கெட்டுக்கு விட்டுவிடுங்கள், விளக்கை ஒரு பக்கம் மட்டும் எரிய விடுங்கள், கழிப்பறையைப் பூட்டிவையுங்கள். பன்னிரண்டு வயதில் "இனிமே உனக்கென்னடி விளையாட்டு" என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். சங்கத்துக்கு ஒரு பைசா செலவில்லை.

படி 8: யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கவும்

உள்ளே ஓடுகிற ஒவ்வொரு குழந்தையையும் நிறுத்தி "எந்த பிளாக்? எந்த பிளாட்?" என்று கேட்கவும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவோடு வந்த சிறுமி, இஸ்திரிக் கடைக்காரர் மகன், எதிரே கட்டடம் எழுப்பும் ஒடியாத் தொழிலாளியின் பிள்ளை ஆகியோர் எளிதில் சிக்குவார்கள். இந்த வேலையைக் காவலாளியிடம் ஒப்படைப்பதே வழக்கம். அவருடைய மகனும் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கலாம். அதைக் கவனிக்க வேண்டாம்.

இதில் ஒரு தொந்தரவு வரும். தடுத்து நிறுத்திய பிள்ளைகள் வெளியே மணல் குவியலில் விளையாடத் தொடங்குவார்கள். அனுமதி பெற்ற பிள்ளைகள் ரப்பர் தரையிலிருந்து கம்பி வழியே அவர்களைப் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் தகரம் அடித்துவிடவும்.

படி 9: அச்சத்தைச் சரியான இடத்தில் வைக்கவும்

பாம்பு, கொசு, கிருமி, பிள்ளை பிடிப்பவன் என்ற வரிசையில் வாரம் ஒன்றாக வாட்ஸ்அப்பில் அனுப்பவும். டெங்குவைக் காரணம் காட்டிப் புதர்களை வெட்டலாம். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது பூந்தொட்டித் தட்டிலும் மூடாத பீப்பாயிலும் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் என்பதையும், அவை உங்கள் மாடியிலேயே இருப்பதையும் யாரும் பேச்சில் எடுக்காமல் பார்த்துக்கொள்ளவும்.

குளத்து நீர் மெய்யாகவே ஆபத்து. ஆண்டுதோறும் பிள்ளைகள் மூழ்கி இறக்கிறார்கள். அதற்கு நீச்சல் சொல்லித்தரலாம், கரையைச் சரிவாக்கி ஆழம் குறைந்த பகுதியைப் பிரித்துவிடலாம், ஆள் போடலாம். எல்லாவற்றையும்விட, கரையைச் செங்குத்தாகக் கான்கிரீட்டில் கட்டி மேலே கம்பி வைப்பதே வழக்கத்தில் உள்ளது. விழுந்தவன் ஏற வழியிருக்காது என்பதைப் பொறியாளர் பார்த்துக்கொள்வார்.

அச்சப் பட்டியலில் காரை மட்டும் சேர்க்காதீர்கள். இடமெல்லாம் போனபின் குழந்தைகள் விளையாடுவது வண்டி நிறுத்துமிடத்தில்தான். ஆனால் அங்கே பின்னால் எடுக்கிற வண்டி செயலாளருடையதாக இருக்கும்.

உறுப்பினர்கள் கேட்கக்கூடிய கேள்விகள்

*பிள்ளைகளுக்குக் கண்ணாடி போட வேண்டியிருக்கிறதே?*

சீனாவின் குவாங்சோவில் பள்ளி முடிந்ததும் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், வெளியே விடாத பள்ளிகளில் 39.5. முடிவு 2015இல் வெளிவந்தது. இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? வளாகத்திலேயே கண்ணாடிக் கடைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

*பள்ளியில் விளையாடிக்கொள்ள மாட்டார்களா?*

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. திடல் இருக்கும். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கியிருப்பார்.

*விளையாட்டு குழந்தையின் உரிமை என்கிறார்களே?*

ஆம். 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 1992இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. உரிமை அவர்களிடம் இருக்கட்டும், சாவி நம்மிடம் இருக்கிறது.

*நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் கிட்டிப்புள், பம்பரம், பச்சைக்குதிரை...*

நல்லது. வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். "மண்ணை மறந்த தலைமுறை" என்று தலைப்புப் போடுங்கள். கார்க் கண்ணாடியில் பந்து பட்டதைப் பற்றிய உங்கள் புகாரும் அதே குழுவில் நிலுவையில் இருக்கிறது.

தோல்வியின் அறிகுறிகள்

உங்கள் பகுதியில் கீழ்க்கண்டவை தென்பட்டால், இதுவரை சொன்ன ஒன்பது படிகளும் வீண்:

கல் பாவாத ஒரு துண்டு மண். கிளை தாழ்ந்த ஒரு மரம், அல்லது புயலில் விழுந்து அப்படியே விட்டுவைத்த ஓர் அடிமரம். சேறு குழைக்க ஒரு குழாய். ஒளிந்துகொள்ளும் அளவுக்குப் புதர். ஆனால் பாட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி ஒரு கண் வைக்கும் அளவுக்குத் திறப்பு. பெரிய சாலையைக் கடக்காமல் எட்டு வயதுக் குழந்தை தானே நடந்து வந்துவிடும் தூரம். பூட்டில்லாத வழி. வந்தவரை யாரென்று கேட்காத ஊர்.

இதற்கெல்லாம் டெண்டர் விட ஏதுமில்லை, கல்வெட்டு வைக்கவும் இடமில்லை. அதனாலேயே இப்படிப்பட்ட இடத்தை யாரும் திட்டமிட்டு அமைப்பதில்லை. தப்பிப் பிழைத்ததாகத்தான் இருக்கும். எப்படித் தப்பியது என்று விசாரித்தால், பெரும்பாலும் வேலியோரம் துருப்பிடித்த ஒரு பலகை நிற்கும்: "இந்த இடம் விற்பனைக்கு அல்ல. வழக்கு நிலுவையில் உள்ளது." அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. சென்னையில் குழந்தைகளுக்கு இத்தனை திறந்தவெளியை ஒதுக்கிக் கொடுத்தவை திட்டங்களைவிடச் சொத்து வழக்குகளே என்றால் மிகையாகாது.

படி 10: வழக்கை முடித்துவைக்கவும்

சகோதரர்களைத் தனித்தனியே சந்தித்துச் சமாதானம் பேசுங்கள். பெரியவர் அமெரிக்காவில் இருப்பார், சின்னவர் போனை எடுக்க மாட்டார், தங்கை புதிதாக ஒரு மனு போட்டிருப்பார். வாய்தா தள்ளிப்போகும். தீர்ப்பு வரும்வரை அந்த மனையில் சங்கம் செய்யக்கூடியது எதுவுமே இல்லை. குழந்தைகள் சங்கத்திடம் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான்.